கற்கும் இடம்

முதல் சன்னல் பேருந்து அட்டைக்கு.
இரண்டாவது சன்னல் என்னுடையது:
பேருந்தே வேண்டாத பிள்ளைகளுக்கு.

மெய்ன் மாநிலத்தின் வடகோடி.
ஆகஸ்டின் கடைசி வெள்ளி, கதவு சாத்தப் பத்து நிமிடம்.
ரோஸ்கோ திபடோ வந்தார்,
தொப்பியில் மரத்தூள்.
பின்னால் மகள் மேவிஸ், பதினோரு வயது,
காலணிக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக.

இணையவழிப் பள்ளி, ஆறாம் வகுப்பு.
பணம் எவ்வளவு என்றார்.
அரசுப் பள்ளிதானே, ஒரு காசு வேண்டாம்,
மடிக்கணினிகூட நாங்களே தருவோம் என்றேன்.
அப்படியா என்றார்,
தரகனிடம் பேசுகிறவர் குரலில்.

பிறப்புச் சான்று இருந்தது.
தடுப்பூசி அட்டை இருந்தது, நடுவில் காபி வட்டத்தோடு.
மின் கட்டண ரசீது இல்லை.
ஜூனிலேயே வீட்டைக் காலி செய்தாயிற்றாம்.
லாரியில், இருக்கைக்குப் பின்னால்
இரண்டடுக்குப் படுக்கை உண்டு, ஹீட்டர் உண்டு,
மேலடுக்கு அவளுக்கு.

படிவம் கேட்டது: மாணவர் கற்கும் இடம்.
விரல் மடக்கினார்.
திங்கள், ஆஷ்லாந்து மரக்கிடங்கு.
செவ்வாய், கனடா எல்லையில் வரிசை.
புதன், ஸ்கோஹீகன் காகித ஆலை.
அதற்குமேல் லோடு எங்கேயோ அங்கே.
பெட்டியில் ஓர் ஊருக்குத்தான் இடம்.
அவருடைய அக்காள் வீட்டை எழுதினேன்.
இருபது வருட வேலையில் முதல் பொய்
என்று சொல்ல ஆசைதான்.

அடுத்து, இணையத்தின் வேகம்.
மலை குறுக்கே வராவிட்டால் நன்றாக வரும் என்றார்.
அடுத்து, பள்ளி நேரத்தில் உடனிருக்கும் பெரியவர்.
அதற்கு மட்டும் சிரித்தார்.
இரண்டடி தூரத்தில் இருப்பேன், அம்மா,
எந்தத் தகப்பன் அவ்வளவு கிட்ட இருக்கிறான்?

கடைசிக் கேள்வி, காரணம்.
உடல்நலம். விளையாட்டு. குடும்பச் சூழல். பிற.
அவர் வாய் திறக்குமுன்
மேவிஸ் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.
பிற என்பதைத் தொட்டாள்.
இரண்டு விரலால், எழுத்தைத் தேடித் தேடி:

அப்பா ஓட்டும்போது தூங்கிவிடுகிறார்.
நான் பக்கத்தில் இருந்தால் தூங்குவதில்லை.

இரண்டு வரிக்கும் முற்றுப்புள்ளி வைத்தாள்.

அவர் படித்தார்.
தொப்பியைக் கழற்றி
அதற்குள் ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்தார்.
ஒரு தடவைதான் என்றார், என்னிடம் அல்ல.
மூன்று என்றாள் அவள்,
கயிற்றில் முடிச்சை இறுக்கியபடி.

யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும்.
அதற்கென்று ஓர் எண் இருக்கிறது,
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில், பச்சை மையில்.
கூப்பிட்டால் அவளை எங்கே கொண்டுபோவார்கள்,
அப்புறம் அந்த லாரியில் யார் பேசுவார்கள்
என்று யோசித்தேனா,
அல்லது மணி ஐந்தாகிவிட்டதா,
இன்றுவரை எனக்கே தெரியாது.
அந்த இரண்டு வரியை அழித்தேன்.
குடும்பச் சூழல் என்று குறித்தேன்.
கணினியை வாங்கியதும் அவள்
எடையைப் பார்ப்பதுபோல் ஒரு முறை தூக்கிப் பார்த்தாள்.
பாடத்தைச் சத்தமாகப் படிக்கலாமா என்று கேட்டாள்.
தாராளமாக என்றேன்.

இப்போது அக்டோபர்.
உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறை முடிந்து
முதல் சன்னல் பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள்,
நகக்கண்ணில் மண்ணோடு.
காலை எட்டு ஐந்துக்கு வருகைப் பட்டியலைத் திறப்பேன்.
பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாய்ப் பச்சைப் புள்ளி.
அவளுடையது சில நாள் எட்டு இருபதுக்கு.
அந்தக் கால்மணி நேரம்
வானொலியில் சாலைச் செய்தி கேட்கிறேன்,
காபி ஆறுகிறது,
கண்ணாடிக்கு அடியில் அந்த எண் அப்படியே.

நேற்று ஒன்பதாயிற்று.
தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில்
ஒரே சொல் அடித்திருந்தாள்:
மலை.